ஆகமொத்தமும் ஒரு ரூபாயும்

மதுரைக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் என் தமக்கையின் மகளுக்குக் கல்யாணம் நடந்த மறுநாள் காலை, பந்தல்காரர்கள் ஒருபுறம் மூங்கில்களை அவிழ்த்துச் சாய்த்துக்கொண்டிருக்க, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுக்கிற ஓசை மறுபுறம் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டுத் திண்ணையில் பணத்துக்கும் கணக்குக்கும் இடையே ஒரு சிறு தகராறு எழுந்தது. மஞ்சள் பையிலிருந்து கொட்டி, நோட்டு வாரியாக அடுக்கி, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பார்த்ததில் மொய்ப் பணம் 1,51,221 ரூபாய் இருந்தது. மணப்பெண்ணின் தம்பி, அதாவது என் மருமகன், இரவெல்லாம் கண்விழித்து மடிக்கணினியில் ஏற்றியிருந்த கணக்கின் அடியில் தெரிந்த தொகையோ 1,43,712 ரூபாய்தான். பணம் குறைந்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களைச் சந்தேகிக்கலாம். கூடியிருந்தால் யாரைச் சந்தேகிப்பது?

திண்ணையின் கோடியில் சுவரோடு சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் சித்தப்பா, ஒரு பருப்பு மண்டியில் நாற்பது வருஷத்துக்கு மேல் கணக்கெழுதி ஓய்ந்தவர். கம்ப்யூட்டர் இருக்கிற திசையில் தலைவைத்தும் படுத்தறியாதவர்.

“வித்தியாசம் எவ்வளவுடா தம்பி?” என்று கேட்டார்.

“7,509 ரூபாய் கூட இருக்கு, தாத்தா.”

“அப்ப ஒன்பது பேரை விட்டுட்டே. போய்ப் பாரு.”

“அதெப்படித் தாத்தா? கம்ப்யூட்டர் கூட்டினது தப்பாகாதே!”

“கூட்டினது தப்புன்னு நான் எங்கேடா சொன்னேன்? ஒன்பது பேரைக் கூட்டவே இல்லைன்னுதானே சொல்றேன்.”

தேடிப் பார்த்தபோது அவர் வாக்கு அட்சரம் பிசகாமல் இருந்தது. ஒன்பது பேர்தான் விட்டுப் போயிருந்தார்கள். நோட்டையும் பாராமல், திரையையும் பாராமல், அந்த எண்ணிக்கையை அவர் எவ்வாறு அறிந்தார் என்பதைப் பிற்பாடு சொல்லுகிறேன். அதற்குமுன், ஒரு கணமும் கண்ணயராத இயந்திரம் ஒன்பது பேரை எப்படித் தவறவிட்டது என்பதை ஆராய்வது, கடைக் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, சங்கத்துச் சந்தாக் கணக்கோ கணினியில் வைத்திருக்கிற எல்லோருக்கும் பிரயோஜனமாக இருக்கும்.

நடந்தது இதுதான். முதல் வரியில் பெயர், ஊர், தொகை என்று தலைப்பு எழுதி, இரண்டாம் வரி தொடங்கி 213-ஆம் வரி முடிய 212 பேருடைய மொய்யையும் என் மருமகன் எக்ஸெலில் ஏற்றியிருந்தான். 214-ஆம் வரியில், தொகைகள் இறங்கி வருகிற சி என்னும் பத்தியின் அடியில், சமக்குறி இட்டு, சம் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் சி2 முக்காற்புள்ளி சி213 என்று கூட்டல் சூத்திரமும் அமைத்திருந்தான். அதன்பின், முகூர்த்தத்துக்கு வர இயலாமல் அந்தி சாய்ந்தபிறகு வந்துபோன உறவினர் ஒன்பது பேருடைய மொய்யைத் தனியாகக் குறித்து வைத்திருந்த அவனுடைய பெரியம்மா மகள், அந்தப் பட்டியலைத் தன் கணினியிலிருந்து அனுப்பிவைக்க, இவன் ஆகமொத்தத்துக்கு மேலே ஒன்பது வரிகளைப் புகுத்தி, வந்த பட்டியலை அப்படியே அங்கே ஒட்டினான். ஆகமொத்தம் மரியாதையாக ஒன்பது வரி கீழிறங்கி 223-ஆம் வரியில் போய் நின்றது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சூத்திரத்துக்குள் எழுதியிருந்த எல்லை மட்டும் சி213 என்ற ஸ்தானத்திலேயே அசையாமல் நின்றுவிட்டது.

இதன் காரணம் விளங்க, களத்துமேட்டில் இரண்டு முளை அடித்து நடுவே கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேல்முளை சி2, கீழ்முளை சி213. இரண்டு முளைகளுக்கும் இடையே எங்கேயாவது ஒரு வரியைப் புகுத்தினால், கீழ்முளை ஒருபடி தள்ளிப்போய்க் கயிறும் தானே நீண்டு, புதிய வரியையும் அணைத்துக்கொள்ளும். கீழ்முளைக்குக் கீழே புகுத்தினாலோ, அது கயிற்றுக்கு வெளியே விழுகிறது; அதை உள்ளே சேர்க்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவ்வாறே, தலைப்புக்கு அடுத்தாற்போல், மேல்முளைக்கு மேலே ஒரு வரியைப் புகுத்தினால், இரண்டு முளைகளும் சேர்ந்து ஒருபடி கீழே நகர்ந்துவிட, புதிதாக வந்தவர் மேற்புறத்தில் தனியே நிற்பார். கணக்கு எழுதுகிறவர்கள் புதிய பதிவைப் பட்டியலின் நடுவில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. தலையிலோ வாலிலோதான் சேர்க்கிறார்கள். ஆகவே எந்த இரண்டு இடங்களில் வரிகள் இயல்பாக வளருமோ, அந்த இரண்டு இடங்களிலேயே சூத்திரம் கைவிட்டுவிடுகிறது.

எக்ஸெலில் ஓர் உபகார குணமும் உண்டு. ஆகமொத்தத்துக்கு நேர் மேலே வரியைப் புகுத்திக் கையால் தொகையைத் தட்டினால், சில வேளைகளில் அது நம் கருத்தை ஊகித்து எல்லையைத் தானே நீட்டிக்கொள்ளும். ஆனால் அந்த வசதியை அமைப்பில் யாரேனும் நிறுத்தி வைத்திருந்தாலோ, பட்டியலைக் கையால் தட்டாமல் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினாலோ, அந்த உபகாரத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. கூட்டல் பொத்தானும் அப்படித்தான்: அதை அழுத்தியவுடன் மேல்நோக்கிப் பார்த்து, எண்கள் தொடர்ந்து இருக்கிறவரை ஏறி, நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அங்கேயே நின்று, அந்த எல்லையை நமக்குச் சிபாரிசு செய்கிறது, அதைக் கவனியாமல் ஒப்புக்கொண்டால், வெற்றுக் கட்டத்துக்கு மேலே இருப்பவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். பத்து முறை சரியாக ஊகிக்கிற துணைவனிடம் பதினோராம் முறை நாம் கவனத்தைத் தளர்த்திவிடுவது மனித சுபாவம்.

இங்கே பழைய கணக்குப்பிள்ளைகளின் வழக்கத்தை நினைவுகூர்வது தகும். ஆகமொத்தம் என்பதைப் பட்டியலின் அடியில் எழுதுவது நம் நாட்டில் மிகப் புராதனமான சம்பிரதாயம். சோழர் காலக் கல்வெட்டுக்களில்கூட, நிலங்களை வகைவகையாக அளந்து சொல்லிவிட்டு முடிவில் ‘ஆக’ என்று தொகை கூறுகிற முறையைக் காணலாம். கல்லில் வெட்டிய பட்டியலில் பிற்பாடு வரி கூடப்போவதில்லையாதலால், அங்கே அடியில் எழுதுவது முற்றும் பொருத்தமானது. நாள்தோறும் வளர்கிற பேரேட்டிலோ, கணக்குப்பிள்ளை பக்கத்துக்கு இத்தனை வரி என்று திட்டமாக வைத்துக்கொண்டு, பக்கம் நிரம்பியவுடன் கூட்டி, அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் ‘முன்பக்கத் தொகை’ என்று ஏற்றிக்கொண்டு மேலே போவார். கணக்கு முடிந்தது என்று நிச்சயமான பிறகே அடியில் இரட்டைக் கோடு போடுவார். நாமோ கணினியில் முதல் நாளே அடியில் கூட்டலைப் போட்டுவிட்டு, அதற்கு மேலே மாதக்கணக்கில் வரிகளைத் திணித்துக்கொண்டிருக்கிறோம். கூட்டுகிற வேலை இயந்திரத்தினுடையது. எதுவரை கூட்டுவது என்று சொல்லுகிற பொறுப்பு மனிதனுடையது. பிழை நேர்கிறபோது அது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் பிறக்கிறது.

இந்தச் சூத்திர முறை கணினியில் புகுந்த வரலாறும் சுவையானது. 1978-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் எழுதிய பெரிய அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்துத் திருத்த வேண்டியிருப்பதைக் கண்டு, ஒன்றை மாற்றியவுடன் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் ஒரு மாயப் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று சிந்தித்தார். பாப் ஃபிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் உண்டாக்கிய விசிகால்க் என்னும் செயலி, 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதில் இருந்தவை 254 வரிகளும் 63 பத்திகளும். அன்றைய திரையின் அகலத்துக்கும் நினைவகத்தின் சிறுமைக்கும் அதுவே பெரிய மைதானம். பின்னர் 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மக்கின்டாஷ் கணினிக்கு முதன்முதலாக எக்ஸெல் என்று வழிவழியாக மைதானம் விரிந்து, 2007-ஆம் வருஷத்து எக்ஸெல் தொடங்கி ஒரு தாளுக்கு 10,48,576 வரிகள் என்ற விஸ்தாரத்தை அடைந்திருக்கிறது. மைதானம் இவ்வளவு பரந்தும், இரண்டு முளைகளைக் குறிப்பிட்டு இடையிலுள்ளதைக் கூட்டு என்று சொல்லுகிற அந்த ஆதி முறைதான் இன்றைக்கும் பெரும்பாலோர் கையாளுவது.

முளையைத் தவறான இடத்தில் அடிப்பதால் விளைகிற சங்கடம் மொய்க் கணக்கோடு நிற்பதில்லை. 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர் இருவர், ஒரு தேசத்தின் அரசாங்கக் கடன் அதன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குன்றிவிடுகிறது என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அரசாங்கங்கள் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதித்தவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைப் பிரமாணமாக எடுத்துக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், அந்த அறிஞர்களிடமிருந்தே விரிதாளை வாங்கிப் பரிசோதித்தார். தம் பேராசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் 2013 ஏப்ரலில் அவர் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பரபரப்பை உண்டாக்கியது.

அந்த விரிதாளில் இருபது தேசங்கள் 30-ஆம் வரி முதல் 49-ஆம் வரி வரையில் இருந்தன. அவற்றின் சராசரியைக் கணக்கிடுகிற சூத்திரத்திலோ 30 முதல் 44 வரை என்று எழுதியிருந்தது. கடைசி ஐந்து வரிகளில் இருந்த ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்ற ஐந்து தேசங்களும், எங்கள் வீட்டு மொய்யில் அந்திக்குமேல் வந்த உறவினர்களைப் போலவே, பட்டியலில் இருந்தும் கணக்கில் இல்லாமல் போயின. கடன் மிகுந்த தேசங்களின் சராசரி வளர்ச்சி மூலக் கட்டுரையில் −0.1 சதவீதம் என்றிருக்க, ஹெர்ண்டன் குழுவினரின் திருத்தத்தில் அது 2.2 சதவீதம் ஆயிற்று. இந்த வித்தியாசம் முழுவதும் அந்த ஐந்து வரிகளால் வந்ததன்று என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்; சில தேசங்களின் சில ஆண்டுகளைச் சேர்க்காததும், சராசரிக்கு எடை வகுத்த முறையும் பெரும்பங்கு வகித்தன; எல்லைப் பிழையின் பங்கு 0.3 சதவீதப் புள்ளி அளவே. எனினும், மற்ற விஷயங்களில் தம் முடிவுக்கு ஆதரவாக வாதாடிய அந்த அறிஞர்கள், விரிதாள் பிழையை மட்டும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்கள். வாதாட அதில் இடமில்லை. 44 என்பது 49 ஆகாது.

இனிப் பரிகாரங்களைப் பார்க்கலாம். முதலாவது, மிக எளியது, ஆகமொத்தத்தை அடியிலிருந்து எடுத்துத் தலையில் வைப்பது. தாளின் முதல் இரண்டு மூன்று வரிகளை ஒதுக்கி, அங்கே கூட்டுத்தொகையை நிறுத்திவிட்டு, பட்டியலை அதற்குக் கீழே தொடங்கினால், கீழ்ப்புறம் தங்குதடையின்றி வளரலாம். ஒவ்வொரு முறையும் பட்டியலின் கடைசிவரை உருட்டிக்கொண்டு போய்த் தொகை பார்க்கிற சிரமமும் ஒழிகிறது. எல்லையைத் தாராளமாகப் பத்தாயிரமாவது வரிவரைக்கும் கொடுத்துவிடலாம். வெற்றுக் கட்டங்களையும் தலைப்பு எழுத்துக்களையும் கூட்டல் பொருட்படுத்தாதாகையால் நஷ்டம் ஒன்றுமில்லை. கூகுள் ஷீட்ஸில் இன்னும் ஒரு சௌகரியம்: சி2 முக்காற்புள்ளி சி என்று, கீழ்முளைக்கு எண் கொடாமல் விட்டாலே, பத்தி முடிகிறவரை என்று அது பொருள்கொள்ளும். எக்ஸெலில் சி முக்காற்புள்ளி சி என்று பத்தி முழுவதையும் குறிக்கலாம். ஆனால் அந்தச் சூத்திரத்தை அதே சி பத்தியின் உள்ளேயே எழுதிவிட்டால், தராசைத் தூக்கி அதே தராசின் தட்டில் வைத்து நிறுக்கச் சொன்னதுபோல் ஆகி, தொகை தன்னையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ள முடியாமல் எச்சரிக்கை எழும்பும். ஆகவே பத்தி முழுவதையும் கூட்டுகிறவர்கள் அந்தத் தொகையை வேறு பத்தியிலோ வேறு தாளிலோ வைப்பது நலம்.

காலங்காலமாக அடியிலேயே தொகையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கும், அச்செடுத்து மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டியவர்களுக்கும் இது ஒவ்வாதிருக்கலாம். அவர்களுக்கு வேலி வரி ஒன்று உண்டு. ஆகமொத்தத்துக்கு நேர் மேலே ஒரு வெற்று வரியை விட்டு, அதற்குக் கண்ணில் படும்படி ஒரு நிறமும் பூசி, கூட்டலின் எல்லையை அந்த வெற்று வரிவரைக்கும் நீட்டிவிட வேண்டும். மேற்புறத்திலும் அதுபோல் தலைப்பு வரியையே எல்லைக்குள் சேர்த்துவிட வேண்டும். புதிய வரிகளை எப்பொழுதும் தலைப்புக்குக் கீழும் வேலிக்கு மேலுமாகவே புகுத்துவது என்று நியமம் வைத்துக்கொண்டால், எந்த வரி வந்தாலும் இரண்டு முளைகளுக்கு இடையில்தான் வரும். கயிறு நீளாமல் என்ன செய்யும்?

சூத்திரங்களில் தேர்ச்சியுள்ளவர்கள் வேறொரு தந்திரமும் கையாளுவதுண்டு. ஆஃப்செட் என்ற செயற்கூற்றைக் கொண்டு, கீழ்முளைக்கு விலாசம் எழுதாமல், ‘எனக்கு ஒருபடி மேலே உள்ள கட்டம் எதுவோ அதுவரை’ என்று ஆகமொத்தமே சொல்லிக்கொள்ளும்படி செய்துவிடுவார்கள். ஆகமொத்தம் எங்கே தள்ளப்பட்டாலும் அதற்கு மேலே ஒருபடி என்பது பொய்க்காது. தாளில் வேறெங்கோ ஒரு கட்டத்தை மாற்றினாலும் இச்சூத்திரம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிடப்படும் இயல்புடையது என்பது இதன் குறை. ஓரிரண்டு இடங்களில் இருந்தால் தெரியாது, ஆயிரக்கணக்கில் இருந்தால் கணினி தள்ளாடும்.

இவையெல்லாவற்றிலும் உத்தமமான வழி, பட்டியலை முறைப்படி ஓர் அட்டவணையாக அறிவித்துவிடுவதுதான். பட்டியலுக்குள் எங்கேனும் நின்றுகொண்டு கன்ட்ரோல் விசையையும் டி விசையையும் சேர்த்து அழுத்தி, தலைப்பு வரி உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அதுவரை வெறும் கட்டங்களாகக் கிடந்தவை டேபிள் என்ற ஓர் உருவத்தைப் பெறுகின்றன. அதன்பின் கடைசி வரிக்கு அடுத்த கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டியவுடன் அட்டவணை தன் எல்லையைத் தானே விரித்து அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. கூட்டலையும் சி2, சி213 என்று விலாசங்களால் எழுத வேண்டுவதில்லை. இன்ன அட்டவணையின் ‘தொகை’ என்ற பத்தியைக் கூட்டு என்று பெயராலேயே எழுதலாம். இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினாலும் இதன் உட்பொருள் பெரிது. ‘வடக்குத் தெருவில் ஏழாம் வீடுமுதல் இருபதாம் வீடுவரை அழைத்து வா’ என்று ஏவியிருந்தால், இருபத்தோராவதாகக் கட்டிய வீட்டுக்காரருக்கு அழைப்பு போகாது. ‘நம் பங்காளிகள் அத்தனை பேரையும் அழைத்து வா’ என்று ஏவினால், நேற்றுப் பிறந்த குழந்தையும் இடுப்பில் ஏறிக்கொண்டு வந்துவிடும். விலாசத்தால் சொல்லுவதை விட்டு உறவால் சொல்லுகிற வித்தை அது.

அட்டவணையின் அடியில் மொத்த வரி வேண்டுமென்று கேட்டாலும் கிடைக்கும். அங்கே அது சாதாரணக் கூட்டலை இடாமல், சப்டோட்டல் என்னும் செயற்கூற்றை 109 என்ற குறியெண்ணோடு இடுகிறது. இதன் பயன், பட்டியலை வடிகட்டிப் பார்க்கும்போது தெரியும். ஊர்ப் பத்தியில் திருமங்கலம் என்பதை மட்டும் தேர்ந்து மற்றவற்றை மறைத்தால், சாதாரணக் கூட்டல் மறைந்திருப்பவர்களையும் சேர்த்தே தொகை சொல்லும். சப்டோட்டலோ கண்ணுக்குத் தெரிகிற திருமங்கலத்துக்காரர்களின் மொய்யை மட்டும் சொல்லும். நடுநடுவே ஊர்வாரியாகச் சிறுதொகைகள் இதே செயற்கூற்றால் போட்டிருந்தால், அவற்றை மறுபடி கூட்டி இரட்டிப்பாக்காமல் தாண்டிப் போகிற விவேகமும் அதற்கு உண்டு.

வரிகள் எவ்வளவு வளர்ந்தாலும் தாளுக்கென்று ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. 2020-இல் கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பரிசோதனைக்கூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தவை சத்தமின்றி வெளியே விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான அந்த வாரத்தில், நோய் கண்ட 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கிற காரியமும் அதனால் தாமதப்பட்டது. அங்கே விடுபட்டவை ரூபாய்கள் அல்ல என்பதை நினைக்கும்போது, ஒரு பட்டியலின் வால் எங்கே முடிகிறது என்ற கேள்வி எவ்வளவு பாரமானது என்பது விளங்கும்.

இனி எங்கள் திண்ணைக்குத் திரும்பலாம். சித்தப்பா சொன்ன ஒன்பது பேரும் அகப்பட்டவுடன், என் மருமகன் எல்லையை 222-ஆம் வரிவரை நீட்டினான். தொகை 1,50,720 என்று மாறியது. பணமோ 1,51,221. இன்னும் 501 ரூபாய் இடித்தது. சித்தப்பா எட்டிப் பாராமலே, “எதுலே முடியுது?” என்று கேட்டார்.

“இருபதுலே, தாத்தா.”

“இன்னும் ஒருத்தர் வாசல்லேயே நிக்கிறார்டா. உள்ளே கூப்பிடு.”

ஒட்டிய ஒன்பது வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மற்ற எண்களெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியலை அனுப்பிய அந்தப் பெரியம்மா மகள், ரசீது எழுதுகிற பழக்கத்தில், அந்தத் தொகையை 501 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சாய்கோடும் சிறுகோடும் இழுத்திருந்தாள். நமக்கு அது பணம். இயந்திரத்துக்கு அது எழுத்து. எழுத்தைக் கூட்டல் சூத்திரம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அட்டவணையாக்கினாலும், எல்லையை எவ்வளவு நீட்டினாலும், இந்தப் பிழை தீராது. எல்லைக்கு உள்ளேயே இருந்துகொண்டு கணக்கில் சேராதவர் அவர். கோடுகளை அழித்தவுடன் தொகை 1,51,221 ஆயிற்று. பையும் கணக்கும் கைகுலுக்கிக்கொண்டன.

சித்தப்பாவின் ஜோசியம் இப்பொழுது வாசகர்களுக்கே விளங்கியிருக்கலாம். மொய் எழுதுகிறவர்கள் நூற்றொன்று, இருநூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்தே எழுதுகிறார்கள். ஐம்பத்தொன்று எழுதுகிற காலம் மலையேறிவிட்டது. ஆகவே ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம், தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களில் தலைகளின் எண்ணிக்கை தானாகவே பதிந்துவிடுகிறது. 212 பேர் என்றால் தொகை 12-இல் முடியும். 221 பேர் என்றால் 21-இல் முடியும். மிகுந்த பணம் 7,509 என்று 09-இல் முடிந்தபடியால், விட்டுப்போனவர்கள் ஒன்பது பேர்; நூற்றொன்பது பேராக இருக்க வழியில்லை, ஏனெனில் ஆளுக்கு நூற்றொன்று வைத்தாலும் அது பதினோராயிரத்தைத் தாண்டிவிடும். மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூட்டும்போது மூட்டைகளையும் தனியே எண்ணி வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பழகியவருக்கு, இது ஒரு கணநேர வேலை.

கணினியில் இதே சோதனையை நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆகமொத்தத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள்: ஒன்றில், பெயர்ப் பத்தியில் வெறுமையாக இல்லாத கட்டங்கள் எத்தனை என்று எண்ணுகிற கவுண்ட்ஏ, மற்றொன்றில், தொகைப் பத்தியில் மெய்யான எண்கள் எத்தனை என்று எண்ணுகிற கவுண்ட். பெயர்ப் பத்தி முழுவதையும் எண்ணச் சொன்னால் தலைப்பும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பெயர்களின் எண்ணிக்கை நோட்டுப் புத்தகத்தோடும், எண்களின் எண்ணிக்கை பெயர்களோடும் ஒத்திருந்தால், ஒருவரும் எல்லைக்கு வெளியிலும் இல்லை, எழுத்தாக வேஷமிட்டு உள்ளேயும் இல்லை என்று நம்பலாம். என் மருமகன் அன்றைக்கே பட்டியலை அட்டவணையாக்கி, தாளின் தலையில் 221, 221, 1,51,221 என்று மூன்று எண்களையும் வரிசையாக நிறுத்திவிட்டான்.

அதைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா கேட்டுக்கொண்டார். “மொத்தத்தை ஏண்டா மேலே கொண்டுபோய் வெச்சிருக்கே?” என்றார்.

“கீழே இடம் வேணுமே, தாத்தா. இன்னும் யாராவது வந்தா?”

அவருக்கு அது பிடித்துவிட்டது. தொகை சுழியில் முடியக் கூடாது, சுழியில் முடிந்தால் உறவும் முடிந்ததுபோல் ஆகும் என்றுதானே ஒரு ரூபாயைச் சேர்த்து வைக்கிறோம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு, “நேத்து வர முடியாமப் போச்சு” என்று செருப்பைக் கழற்றினார். என் மருமகன் கணினியைத் தன் பக்கம் திருப்பி, 223-ஆம் வரியில் அவர் பெயரைத் தட்டத் தொடங்கினான்.